உளவள ஆலோசகரும் அவருக்கு வேண்டிய கல்வியும்

உடலில் பிணி கண்டால் மருத்துவரை நாடுகிறோம்; வழக்கு நேர்ந்தால் வழக்கறிஞரை நாடுகிறோம். உள்ளத்தில் சுமை ஏறினால் நாடத்தக்கவர் யார் என்ற வினாவிற்கு நம் முன்னோர் எளிதில் விடை கூறியிருப்பர். வீட்டில் பாட்டனார் இருந்தார். ஊரில் பெரியவர் ஒருவர் இருந்தார். பள்ளியில் தலைமையாசிரியர் இருந்தார். இன்றோ குடும்பங்கள் சிறுத்துவிட்டன. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் செல்வோர் பெருகிவிட்டனர். தேர்வு, கடன், மணவாழ்வு ஆகியவற்றால் விளையும் இன்னல்களும் பெருகியுள்ளன. பிறருடைய துயரத்தை முறைப்படி கேட்டு, அவர் தம் வழியைத் தாமே காண உதவுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இன்று தேவைப்படுகின்றனர். இவர்களையே உளவள ஆலோசகர்கள் என்கிறோம்.

இத்தேவை எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கினால் உணரலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவ்வாண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டனர். இது இலட்சம் பேருக்கு 12.4 என்னும் விகிதமாகும். எழுத்தறிவிலும் பொதுச் சுகாதாரத்திலும் முன்னணியில் நிற்கும் கேரளத்தில் அவ்விகிதம் 28.5, தமிழ்நாட்டில் 25.9. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகிய மாநிலங்களிலேயே இந்நிலை எனில், நம் ஏற்பாடுகளில் ஏதோ ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது என்று கொள்வதே முறை. துன்புற்றவர் மருத்துவமனையின் வாயிலை மிதிக்குமுன் அவரைச் சந்திக்கத்தக்க, பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாமையே அக்கண்ணிகளுள் ஒன்றாகும்.

பயிற்சி பெற்ற என்னும் சொல்லை ஈண்டு அழுத்திக் கூறவேண்டியுள்ளது. ஆலோசனை நிலையம் என்னும் பெயர்ப் பலகைகளை இன்று நகரங்களில் பல தெருக்களிலும் காண்கிறோம். பலகையை மாட்டியவர் என்ன பயின்றார், எவரிடம் பயின்றார், எத்தனை காலம் பயின்றார் என்பவற்றைப் பலகை கூறுவதில்லை. இவற்றை அறிந்து கேட்கும் ஆற்றல் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இருத்தல் வேண்டும். மக்களை எங்கு அனுப்புவது என்று முதலில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

பெயரும் பொருளும்

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்போருக்கு இத்துறையின் பெயரே முதல் இடர்ப்பாடாக அமைகிறது. கவுன்சிலர் என்று எழுதினால், நகராட்சி மன்ற உறுப்பினர் என்று படிப்போர் கொள்வர். ஆலோசகர் என்று எழுதினால், யோசனை சொல்பவர் என்ற பொருள் தோன்றிவிடுகிறது. இலங்கையில் உளவளத்துணை என்னும் சொல்லை வழங்குகின்றனர். ஆற்றுப்படுத்துநர் என்று கூறுவாரும் உளர். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொருவனுக்கு வழியைக் காட்டுவதே அவற்றின் அமைப்பு. வழியைக் காட்டுகிறவன் அவனுக்காக நடப்பதில்லை. நடக்க வேண்டியவன் வந்தவனே. இத்தொழிலின் இயல்பை இதனினும் நன்றாக விளக்கும் சொல் கிடைத்தல் அரிது. எனவே, செய்பவரை வழக்கப்படி ஆலோசகர் என்றும், செயலை ஆற்றுப்படுத்தல் என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓர் அம்மையார், “எனக்கு உறக்கமே வருவதில்லை, மகன் என்னோடு பேசி ஒரு மாதமாகிறது,” என்கிறார். பயிற்சி இல்லாதவர், “கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும், கோயிலுக்குப் போய் வாருங்கள்,” என்பார். சொன்னவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பயிற்சி பெற்றவர் சற்றுப் பொறுத்து, “உறக்கம் வராத அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பீர்கள், அம்மா?” என்று கேட்பார். பேச்சு இங்கே தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே ஆலோசகருக்குரிய கல்வியின் அளவாகும்.

துறை தோன்றிய வரலாறு

இத்துறை தொழில் வழிகாட்டலிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908ஆம் ஆண்டில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்காகத் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்தி ஆராய்தல் என்னும் மூன்று படிகளை அவர் வகுத்தார். பின்னர் 1942இல் கார்ல் ரோஜர்ஸ் என்னும் உளவியலார் எழுதிய நூல், நாடி வந்தவரை நோயாளியாகக் கருதாமல், தம் வாழ்வைத் தாமே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உடையவராகக் கருதவேண்டும் என்று வற்புறுத்தியது. வந்தவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் நிலையில் நின்று உணர்தல், ஆலோசகர் தாமும் போலியின்றி இருத்தல் ஆகியவற்றை மாற்றத்திற்கு அடிப்படையான நிலைமைகளாக 1957இல் அவர் எடுத்துரைத்தார். இன்றுவரை எல்லாப் பாடத்திட்டங்களிலும் இவை முதற்பாடமாக விளங்குகின்றன.

இந்தியாவில் உளவியலுக்கெனத் தனித் துறை 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டும் பணி தேவை என்று பரிந்துரைத்தது. 1954இல் மத்திய கல்வி அமைச்சகம், கல்வி மற்றும் தொழில் வழிகாட்டலுக்கென மத்திய நிலையம் ஒன்றை நிறுவியது. 1961இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு அப்பணியைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. ஆகவே, பள்ளியில் ஆலோசகர் வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. எழுபது ஆண்டுகளாக எழுத்தில் இருந்து, செயலில் மெல்ல நடந்துவரும் கருத்து அது.

கற்க வேண்டியவை

ஆலோசகர் ஆக விரும்புவோர் முதலில் இளங்கலைப் பட்டம் பெறுதல் வேண்டும். உளவியலைப் பாடமாகக் கொண்ட பட்டமாயின் மேற்படிப்புக்கு வழி எளிதாகும். மனித வளர்ச்சிப் பருவங்கள், ஆளுமை, கற்றல், நினைவு, சமூக நடத்தை, புள்ளியியல் ஆகியவை இந்நிலையில் கற்பிக்கப்படும். சமூகப்பணி வழியாக வருவோரும் பலர் உளர்.

அடுத்தது ஈராண்டு முதுகலைப் படிப்பு. ஆற்றுப்படுத்தல் உளவியல், பயன்பாட்டு உளவியல், சமூகப்பணி ஆகியவை இதற்குரிய முதன்மையான பாடநெறிகள். ஆற்றுப்படுத்தலின் பல்வேறு கோட்பாடுகள், உளச்சோதனைகளை நடத்திப் பொருள் காணும் முறை, குடும்பத்தினரை ஒருசேரச் சந்திக்கும் முறை, மனநோய்களின் அறிகுறிகள், தொழில் அறம் ஆகியவற்றை இங்குப் பயில்கின்றனர். மனநோய்க்கு மருந்து தருவது ஆலோசகரின் வேலையன்று. ஆயினும், எந்த அறிகுறி மருத்துவரிடம் சேர வேண்டியது என்று அறியாதவர் ஆலோசகராக அமர்தல் ஆபத்தானது.

மூன்றாவதும் முதன்மையானதும் மேற்பார்வையின்கீழ்ப் பெறும் பயிற்சியாகும். நீச்சலை நூலில் கற்க இயலாததுபோல், கேட்கும் திறனையும் நூலில் கற்க இயலாது. மாணவர்கள் முதலில் தமக்குள் ஒருவர் ஆலோசகராகவும் மற்றொருவர் நாடி வந்தவராகவும் அமர்ந்து பழகுவர். பின்னர், உண்மையில் துன்புற்றோரைச் சந்தித்து, அவர்கள் இசைவுடன் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்து, மூத்த ஆலோசகரிடம் காட்டுவர். எவ்விடத்தில் அவசரப்பட்டோம், எவ்விடத்தில் நம் கருத்தைத் திணித்தோம், எந்தச் சொல்லைக் கேட்டும் கேளாதவராயினோம் என்று வரிக்கு வரி ஆராய்வர். அமெரிக்க நாட்டில் இதற்குரிய தரச்சான்று அமைப்பு, முதுகலைப் படிப்பினுள்ளேயே 100 மணி நேர முதற்பயிற்சியையும் 600 மணி நேர உள்ளகப் பயிற்சியையும் வேண்டுகிறது. பட்டம் பெற்ற பின்னரும் உரிமம் பெறுவதற்குப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்ற வேண்டும். ஒரு வாரப் பயிற்சி முகாமில் சான்றிதழ் பெற்றவருக்கும் இத்தகையவருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை.

நான்காவது, தம்மைத் தாமே அறிதல். தம் சாதி, சமயம், குடும்பப் பெருமை, பழைய காயம் ஆகியவை தம் காதுகளை எவ்வாறு அடைக்கின்றன என்று உணராதவர், பிறர் கூறுவதை உள்ளபடி கேட்க மாட்டார். ஆகையால் நல்ல கல்லூரிகள் மாணவரது சுய ஆய்வையும் பாடத்தின் பகுதியாகவே கொள்கின்றன.

திருவனந்தபுரத்தில் காணும் நிலை

இத்துறையின் வளர்ச்சியை ஒரே நகரில் காண விரும்புவோர் திருவனந்தபுரத்தைப் பார்க்கலாம். பேரூர்க்கடையை அடுத்த ஊளம்பாறையில் உள்ள மனநல மருத்துவமனை 1870ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் தோன்றியது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் கேலிச்சொல்லானதைப் போலவே, இங்கு ஊளம்பாறை என்பதும் ஏளனச் சொல்லாயிற்று. மருத்துவமனையின் பெயரே வசையாகிவிட்ட இடத்தில், துன்புற்றவர் அங்குச் செல்லத் தயங்குதல் இயல்பே. பள்ளியிலோ, ஊர்ச் சுகாதார நிலையத்திலோ, தொலைபேசியிலோ அமர்ந்திருக்கும் ஆலோசகரிடம் அத்தயக்கம் குறைகிறது. மாவட்ட மனநலத் திட்டம் கேரளத்தில் 1999இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கியபோது இதனையே நோக்கமாகக் கொண்டது.

கல்விக்கும் இந்நகரில் வாய்ப்புகள் உள்ளன. கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை காரியவட்டம் வளாகத்தில் இயங்குகிறது. 1963இல் தோன்றிய லயோலா சமூக அறிவியல் கல்லூரி ஸ்ரீகாரியத்தில் உள்ளது. இங்குச் சமூகப்பணியுடன் ஆற்றுப்படுத்தல் உளவியலும் முதுகலை நிலையில் கற்பிக்கப்படுகிறது. மருத்துவ உளவியலில் மேற்பயிற்சி பெற விழைவோர் கோழிக்கோட்டில் உள்ள மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனத்தையும், பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தையும் நாடி வந்துள்ளனர்.

பணி வாய்ப்பும் உண்டு. கேரள அரசின் மகளிர் மற்றும் குழந்தை வளர்ச்சித் துறை, உளச்சமூகச் சேவைத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்களை அமர்த்தியுள்ளது. உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலைப் பட்டம் இதற்குரிய தகுதி. மேனிலைப் பள்ளிகளில் சௌஹ்ருத கிளப் என்னும் அமைப்பினை ஆசிரியர்களே ஒருங்கிணைத்து நடத்துகின்றனர். குடும்பஸ்ரீ இயக்கத்தில் சமுதாய ஆலோசகர்கள் உள்ளனர். 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, தனிமையில் வைக்கப்பட்டோரை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பெரும்பணியை மாநில அரசு மேற்கொண்டது. ‘ஒற்றக்கல்ல ஒப்பமுண்டு’ என்பது அதன் பெயர். தனியாக இல்லை, நாங்கள் உடன் இருக்கிறோம் என்பது பொருள். அழைத்தவர்கள் மருந்து தரவில்லை, பணம் தரவில்லை. பயின்ற முறையில் பேசவும் கேட்கவும் செய்தனர்.

இந்நகருக்குரிய மற்றொரு செய்தி மொழியைப் பற்றியது. சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும், கோட்டைப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கடையில் மலையாளம் பேசுபவரும் துயரத்தைத் தாய்மொழியிலேயே சொல்வார். அதனையும் நேராகச் சொல்வதில்லை. நெஞ்சு படபடக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது, சோறு இறங்கவில்லை என்று உடலின் வாயிலாகவே சொல்வார். இவ்வழக்குகளை அறியாத ஆலோசகர் நோயின் பெயரைக் கண்டாலும் மனிதரைக் காண்பதில்லை. ஆகவே பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பினும், ஆலோசகர் தம் மக்களின் பேச்சைத் தனியே கற்றாக வேண்டும்.

சட்டத்தின் நிலை

மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரைப்போல் ஆலோசகருக்கு நீண்டகாலமாக நம் நாட்டில் பதிவுமுறை இருந்ததில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டத்தின்கீழ் மருத்துவ உளவியலாளர்கள் பதிவு பெறுகின்றனர். இதற்குரிய தகுதியாக ஈராண்டு எம்.ஃபில். படிப்பு இருந்து வந்தது. பிற துறைகளில் எம்.ஃபில். நிறுத்தப்பட்டபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளிக்கப்பட்டது. எனவே, இனி இப்பிரிவில் சேர்வோர் மறுவாழ்வுக் குழுவின் அறிவிப்பைப் பார்த்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் முதலியோரை வரையறுத்தது. பொதுநிலை ஆலோசகரை வரையறுக்கவில்லை. அக்குறையை நோக்கிய முதற்படியாக 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் அமைந்தது. அதன் அட்டவணையில் உளவியலாளரும் பலவகை ஆலோசகரும் இடம்பெற்றுள்ளனர். இச்சட்டத்தைத் தொடர்ந்து, உளவியல் உள்ளிட்ட சுகாதாரப் பாடநெறிகளை 2025 ஜூலை–ஆகஸ்டு பருவம் முதல் தொலைநிலைக் கல்வியில் நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அஞ்சல் வழியில் பட்டம் பெற எண்ணும் ஆசிரியர்கள் இதனைக் கருத்தில் கொள்க.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டியது. ஆசிரியரும் பிற ஊழியரும் ஆண்டுக்கு இருமுறையேனும் இதற்குரிய பயிற்சி பெற வேண்டும் என்பதும் அதில் அடங்கும். தேவை திடீரெனப் பெருகும்போது அரைகுறைப் பயிற்சியாளரும் பெருகுவர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

சாலைப் பகுதிப் பள்ளி ஒன்றில், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பயில்வதாகக் கொள்வோம். நன்றாகப் படித்தவன் சில வாரங்களாக யாருடனும் பேசுவதில்லை. விருப்பமான பொருள்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். ஆசிரியர் அவனைப் பிறர் முன்னிலையில் கடிந்துகொள்ளாமல், தனியே அழைத்து, “என்ன மக்களே, கொஞ்ச நாளா உன்னை உன்னாகவே காணோமே?” என்று கேட்கலாம். அவன் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். வாழ்வை வெறுத்தவன்போல் தோன்றினால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே வினவலாம். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்னும் அச்சம் தவறானது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பேச இடம் கிடைத்ததே பலருக்கு ஆறுதலாகிறது. ஆம் என்று அவன் கூறினால், அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லி, தகுதி பெற்றவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஆசிரியர் வாக்களித்தல் கூடாது. நாடி வந்தவர் கூறியதை வெளியிடாமை ஆலோசகருக்கு உயிர்போன்ற விதி. ஆயினும், உயிருக்கு ஆபத்து நேரும்போது அவ்விதிக்கு விலக்கு உண்டு. குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். இவ்விலக்குகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்ல ஆலோசகரின் இலக்கணம்.

உடனடி உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய இச்சேவை தமிழிலும் கிடைக்கிறது. கேரளத்தில் திசா சேவையின் எண் 1056. குழந்தைகளுக்கு 1098.

ஓர் ஆலோசகரிடம் ஒருவரை அனுப்புமுன் நான்கு வினாக்களைக் கேட்டறிதல் நலம். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன முதுகலைப் பட்டம் பெற்றார்? எவர் மேற்பார்வையில் எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார்? இன்றும் தம் பணியை ஒரு மூத்தவரிடம் ஆராய்ந்துகொள்கிறாரா? தம்மால் இயலாதவற்றை எந்த மருத்துவரிடம் அனுப்புகிறார்? நல்ல ஆலோசகர் இவ்வினாக்களுக்கு மகிழ்ந்து விடை கூறுவார். சினம் கொள்பவரிடம் அனுப்பாதிருத்தலே மேல். சில நாட்களில் குணமாக்குவேன் என்று உறுதி கூறுவோரையும் தவிர்க்க வேண்டும்.

தாமே இத்துறையில் சேர விழையும் ஆசிரியர்களுக்கும் வழி உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கென வழிகாட்டல் மற்றும் ஆற்றுப்படுத்தலில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்திவருகிறது. வீட்டிலிருந்து பயிலும் பகுதி, நேரில் பயிலும் பகுதி, தம் ஊரிலேயே செய்யும் பயிற்சிப் பகுதி என்று அது மூன்று கூறுகளாக வகுக்கப்பட்டது. தென்னிந்தியருக்கு மைசூரில் உள்ள வட்டாரக் கல்வி நிறுவனம் அதற்குரிய நிலையமாக இருந்து வருகிறது. பள்ளியை விட்டு விலகாமலே மாணவர்க்குத் துணையாக நிற்க விரும்புவோருக்கு இது தக்க தொடக்கமாகும்.

எல்லா ஆசிரியரும் ஆலோசகர் ஆக வேண்டுவதில்லை, ஆகவும் இயலாது. ஆனால், தாம் கேட்கத்தக்கது எவ்வளவு, பிறரிடம் ஒப்படைக்கத்தக்கது எது என்று அறிந்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பாரானால், துயருற்ற மாணவன் தகுதியானவரிடம் உரிய காலத்தில் போய்ச் சேர்வான். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் எந்த மாணவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று ஒருமுறை பாருங்கள்.